தீபாவளி லீவுக்குப் பிறகு வந்த நேர்கோடு

திரையில் ஒரு நேர்கோடு. அவ்வளவுதான் விஷயம். அதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஜெரால்ட் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.

"என்னா ஆச்சு? ஷாக் அடிச்சிருச்சா?"

"கோடுடா! கோட்டைப் பாரு!"

ஜெரால்ட் சுங்கை பூலோக்காரன். என்னோடு அதே பல்கலைக்கழக ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன். வாயுக்கசிவைக் கண்டுபிடிக்கும் உணரிகள் செய்வது அவன் வேலை. குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"பழைய ரெசிஸ்டர் எதையாச்சும் மாட்டி வெச்சுட்டுக் கத்துறியா?"

"டிரான்ஸிஸ்டர்டா. என்னோடது!"

"சும்மா லா."

சும்மா இல்லை. வருஷக்கணக்காக என் உயிரை வாங்கிய கோடு அது. எப்போது அளந்தாலும் நடுவில் படுத்துக்கிடக்கும், ஓரத்தில் மட்டும் மனசில்லாமல் எழுந்திருக்கும். அன்று காலை, தீபாவளி முடிந்து கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்து இறங்கிய கையோடு சாம்பிளைச் செய்து முடித்து அளந்தபோது, அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி மூலையிலிருந்து மூலைக்குப் போயிருந்தது. என் பையில் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின். அதைத் திறந்து ஜெரால்டின் வாயில் ஒன்றைத் திணித்துவிட்டுப் பேராசிரியரின் அறைக்கு ஓடினேன்.

டோலில் நிற்கும் வண்டி

இந்தத் தொடரில் போன வாரம் நான் டிரான்ஸிஸ்டர் என்று எழுதியதைப் படித்துவிட்டு, செந்தூலிலிருந்து ஒரு வாசகி, "அது ரேடியோதானே?" என்று கேட்டிருந்தார். ஆன்டி, ரேடியோவுக்குள்ளும் இருக்கிறது, உங்கள் கைபேசிக்குள் கோடிக்கணக்கில் இருக்கிறது. அது ஒரு சுவிட்ச். கண்ணுக்குத் தெரியாத சுவிட்ச்.

மின்சாரம் உலோகத்திலிருந்து அந்தச் சுவிட்சின் உடம்புக்குள் நுழைய வேண்டும், மறுபக்கம் வெளியே வர வேண்டும். இரண்டும் தொடுகிற இடத்தில்தான் வம்பு. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு எத்தனை லேன் சாலை போட்டாலும் டோலில் வண்டி நின்றால் நின்றதுதான். உலகமே டிரான்ஸிஸ்டரைச் சுருக்கிக்கொண்டு போகிறது. சாலை சுருங்குகிறது, டோல் சுருங்க மாட்டேன் என்கிறது. கடைசியில் பயண நேரம் முழுக்க டோலிலேயே போய்விடுகிறது.

அந்த இடத்துத் தடையைத்தான் ஆய்வகத்தில் காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் என்போம். தமிழில் தொடுமுனைத் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டுவதுதான் என் கோடு; இந்தத் தடை அதிகமானால் அது வளையும், குறைந்தால் நேராகும். அந்தத் தடையைக் குறைப்பதுதான் என் வேலை. சொல்வதற்கு ஒரு வரிதான், செய்து பார்த்தால் தெரியும்.

நான் அதை முதன்முதலில் சந்தித்தது கிள்ளான் வீட்டில், துணி தேய்க்கும் மேஜைக்குப் பக்கத்தில். அப்போது பள்ளிக்கூட மாணவி. அயர்ன் பாக்ஸின் ப்ளக்கிலிருந்து கருகல் நாற்றம். அம்மா தொட்டுவிட்டு, "ஐயோ, ப்ளக் கொதிக்குதுடி!" என்று கையை உதறினார். அவர் அந்தப் பக்கம் போனதும் ப்ளக்கைப் பிடுங்கி, ஸ்குரூ டிரைவரால் திறந்தேன். உள்ளே பித்தளைத் திருகு தளர்ந்து, ஒயர் நுனி கறுத்துப் போயிருந்தது. சுரண்டி, இறுக்கி மூடினேன். அடுத்த தடவை தேய்த்தபோது ப்ளக் ஜில்லென்றிருந்தது. திட்டு விழுந்தது என்னவோ உண்மை. ஆனால் அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் தெளியவில்லை.

"தங்கத்தையா புகையாக்குறீங்க?"

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுங்கை வே பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். விடிகாலையில் ஃபேக்டரி பஸ் வரும். நீல அங்கி, தலைக்குத் தொப்பி, நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி அம்மாக்கள் அந்த பஸ்ஸில்தான் போனார்கள். அதனால் நான் என்ன படிக்கிறேன் என்று யார் கேட்டாலும் அம்மாவின் பதில் ஒன்றுதான்: "என் வேலையைத்தான் இவ யுனிவர்சிட்டில பார்க்குறா."

ஒருநாள் விளக்கமாகச் சொல்லிவிடுவோம் என்று உட்கார வைத்தேன். சில அணுக்களின் தடிமனே உள்ள ஒரு தகடு, மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தது, அதன்மேல் தங்கத்தை ஏற்றி மின்சாரத்துக்கு வாசல் வைக்கிறோம் என்றேன்.

"ஏத்துறதுன்னா?"

"தங்கத்தைச் சூடாக்கி ஆவியாக்குவோம்மா. அது மேல போயி தகட்டுல ஒட்டிக்கும்."

அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவி! தங்கத்தையா புகையாக்குறீங்க? மிச்சம் எங்க போவும்?"

"சுத்தி இருக்கிற சுவத்துல ஒட்டிக்கும்."

"வாரம் வாரம் சுரண்டி எடுப்பீங்கதானே?"

இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த வேதனையை என் ஆராய்ச்சி முடிவுகள் எதுவும் வரவழைத்ததில்லை. "நாங்க முடி மாதிரி தங்கக் கம்பிய வெச்சு ஒட்டுனோம், ஒரு துண்டு விரயமாகாது. நீ படிச்சிட்டு புகை போடுற" என்று எழுந்து போய்விட்டார்.

பச்சை விளக்கு எரிந்தால் ஆரம்பி

தங்கத்தை ஆவியாக்கும் மெஷின் பார்க்க ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா மாதிரி இருக்கும். அந்த அண்டாவுக்கு சேம்பர் என்று பெயர். தகட்டை உள்ளே வைத்து மூடி, பம்பை ஓடவிட்டுக் காற்றை உறிஞ்ச வேண்டும். காற்று போதுமான அளவு வெளியேறியதும் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் தங்கத்தைச் சூடாக்கலாம்.

எங்கள் ஆய்வகத்தின் சட்டமே அந்தப் பச்சை விளக்குதான். மெஷின் ஒன்று, ஆட்களோ நிறைய. பச்சை விழுந்த பிறகும் சும்மா நிற்பவன் அடுத்தவனின் நேரத்தைத் தின்கிறான் என்று அர்த்தம். பின்னால் சாம்பிள் டப்பாவோடு நிற்பவர்கள் தொண்டையைக் கனைப்பார்கள். பச்சைக்குக் கீழே அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது. அழுத்தத்தைக் காட்டும் கேஜ் பழையது, முள் அடிமட்டத்தில் போய்ப் படுத்துவிடும்.

நீண்ட லீவு வந்தால் மட்டும் தகட்டை உள்ளே வைத்துச் சேம்பரை மூடி, பம்பை ஓடவிட்டுவிட்டுப் போவோம், திரும்பி வந்துதான் தங்கத்தை ஏற்றுவோம். அது வழக்கம். அதைப் பற்றி யாரும் யோசித்ததே கிடையாது.

லாகி செக்காலி

பேராசிரியர் டாக்டர் ரோஹானி அதிகம் பேச மாட்டார். அன்று என் நேர்கோட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "லாகி செக்காலி" என்றார். இன்னொரு தடவை என்று அர்த்தம். டிரான்ஸிஸ்டர்கள் உள்ள அதே சில்லை மறுபடி அளப்பதல்ல, புதுச் சில்லு ஒன்றை முதலிலிருந்து செய்துகொண்டு வர வேண்டும்.

செய்தேன். கோடு வளைந்தது. திரும்பச் செய்தேன், வளைந்தது. தகட்டை மாற்றினேன், கழுவும் அமிலத்தை மாற்றினேன், புதுத் தங்கம் கேட்டுச் சண்டை போட்டேன். எல்லாவற்றுக்கும் கோடு படுத்துக்கொண்டே பதில் சொன்னது. கோபத்தில் ஒருநாள் இடுக்கியை மேஜையில் அறைந்ததில் நல்ல சில்லு ஒன்று எகிறி விழுந்து காணாமலே போய்விட்டது.

தைப்பூசம் வந்தது. பத்துமலைக்குப் போய்விட்டு வந்து மறுநாள் தங்கம் ஏற்றிய சில்லில் கோடு பாதி நிமிர்ந்திருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "பால்குடம் எடுத்திருந்தா முழுசா குடுத்திருப்பான்" என்றார்.

அப்புறம் சீனப் பெருநாள், சீனர்களின் புத்தாண்டு. லீவு முடிந்து வந்து தங்கத்தை ஏற்றி அளந்தேன். நேர்கோடு! இந்தத் தடவை ஜெரால்ட் ஓடிவரவில்லை, இருந்த இடத்திலிருந்தே, "கங்கிராட்ஸ் லா, லாகி செக்காலி" என்றான். டாக்டர் ரோஹானியும் அதையே சொன்னார். அடுத்த வாரம் செய்தது பழையபடி வளைந்தது.

டாக்டர் ரோஹானி என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆங்கிலமும் மலாயும் கலந்து அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "சுகந்தி, மீளாய்வுக் குழு கூடுறதுக்குள்ள இத உன்னால நெனச்சப்ப செஞ்சு காட்ட முடியணும். முடியலன்னா உன்ன சோலார் பூச்சுக் குழுவுக்கு மாத்திடுவாங்க. நான் தடுக்க முடியாது."

சோலார் கெட்ட வேலை இல்லை. ஆனால் என் வேலை இல்லை. கண்ணெதிரே இரண்டு தடவை வந்து நின்ற ஒன்றை, ஏன் வந்தது என்று தெரியாமலே விட்டுவிட்டுப் போவதா? கே.எல். சென்ட்ரல் ரயில் நிலைய எஸ்கலேட்டரில் நின்றபடி அழுதேன். முன்னால் நின்ற ஓர் அங்கிள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் டிஷ்யூ பாக்கெட்டை முழுசாக நீட்டினார்.

கவர்மெண்ட் ஸ்டாஃப் மாதிரி ஒரு டிரான்ஸிஸ்டர்

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல் வாடகை அறையில் இருந்தேன். கீழே பூமாலை கட்டுபவர்கள், எதிரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடித்துவிட்டு ஜெரால்ட் வந்தான். கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், ஞாயிறு பூசையையும் அதற்குப் பிறகு சாப்பாட்டையும் விடமாட்டான். இலை போட்டு உட்கார்ந்தோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், சாப்பிடவில்லை.

என்னைச் சிரிக்க வைக்கத்தான் அவன் ஆரம்பித்தான். "உன் டிரான்ஸிஸ்டர் கவர்மெண்ட் ஸ்டாஃப் மாதிரி லா. லீவு விட்டாத்தான் நல்ல மூட்ல இருக்கு."

"போடா."

"இல்ல, யோசிச்சுப் பாரு. தீபாவளிக்கு நல்ல லீவு, நல்ல மூடு. தைப்பூசம் கொஞ்சம் லீவு, அதனால அரை மூடு. சீனப் பெருநாளுக்கு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, அப்போ ஃபுல் மூடு. மத்த நாளு ஒடம்பு சரியில்லன்னு எம்.சி. போடுது."

என் கை ரசத்திலேயே நின்றுவிட்டது. "இன்னொருக்கா சொல்லு."

"என்னா, எம்.சி.யா?"

"மொதல்லேருந்து சொல்லுடா!"

சொன்னான். சொல்லிக்கொண்டு வரும்போதே அவன் முகமும் மாறிக்கொண்டு வந்தது. லீவில் நாங்கள் யாரும் இல்லை. சேம்பர் மூடியிருக்கிறது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. பச்சை விளக்கு எப்போதோ எரிந்துவிட்டது, ஆனால் தொண்டையைக் கனைக்க ஆள் இல்லை!

நம் ஊர்க் காற்றுதான் உங்களுக்குத் தெரியுமே. துவைத்த துணி காயாது, திறந்த முறுக்கு நமுத்துவிடும். சேம்பரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த ஈரம் உள்ளே போய் எவர்சில்வர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. காற்றைச் சீக்கிரம் உறிஞ்சிவிடலாம். ஒட்டிய ஈரம் லேசில் விடாது. பச்சை எரிந்த பிறகும் அது சுவரிலிருந்து கழன்று வந்துகொண்டே இருக்கிறது. நாம் தங்கத்தை ஏற்றும்போது தங்கத்துக்கும் தகட்டுக்கும் நடுவே அதுவும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் என் டோல்!

"ஈரம்டா! ஈரம்!" என்று நான் கத்தியதில் பரிமாறுகிற அண்ணன் ஓடிவந்து, "எங்க மா, இலையிலயா? மாத்திடவா?" என்றார். ஜெரால்ட் மோர் புரையேறிச் சிரித்தான்.

சும்மா கிடக்க ஒரு மெஷின்

இது வெறும் யூகம். குழு கூடுவதற்கு முன் நிரூபிக்க வேண்டும், அதற்கோ லீவு எதுவும் வரப்போவதில்லை. ஆக, வேலை நாட்களில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, பச்சை எரிகிற மெஷினைச் சும்மா போட்டுவைக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க மெஷின் ஜெரால்டின் பெயரில் இருந்தது.

கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். "முடியாது லா, சுகந்தி. எனக்கு மாநாடு இருக்கு. சென்சார் ரெடி ஆவலன்னா நான் காலி."

நியாயம்தான். அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் கோபத்தைக் கொடுத்தது.

மறுநாள் காலை என் மேஜைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. "தூக்கம் வரல. ஒன்னாலதான். எனக்கும் தெரிஞ்சாகணும் இப்ப. மெஷின எடுத்துக்கோ."

"உன் மாநாடு?"

"இருக்கிற சென்சார வெச்சு ஓட்டிக்கிறேன். ஆனா ஒரு கண்டிஷன். ஒரே தகட்ட ரெண்டா வெட்டு. ஒண்ணுக்கு வழக்கம்போல பச்சை விழுந்ததும் தங்கம். இன்னொண்ணுக்குக் காத்திருந்து. ரெண்டையும் நான் பண்றேன். எது எதுன்னு அளந்து முடியுற வரைக்கும் உனக்குச் சொல்லமாட்டேன். நீ ஆசைல கோணக் கோட்டையும் நேர்னு சொல்ற ஆளு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவனை அடித்திருக்க வேண்டும். கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

இடி

முதல் பாதியை அன்றே முடித்தான். இரண்டாவது பாதி உள்ளே போனது, சேம்பர் மூடியது, பச்சை எரிந்தது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஐயோ, ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை! வருகிறவர்கள் எல்லாரும் பச்சையைப் பார்ப்பார்கள், எங்களைப் பார்ப்பார்கள். நான் அடிக்கடி கேஜ் முள்ளைப் போய்ப் பார்ப்பதைச் சகிக்க முடியாமல் ஜெரால்ட் என்னைக் கிள்ளானுக்கு அனுப்பிவிட்டான்.

வீட்டில் அம்மா வெங்காயம் உரிக்கக் கொடுத்தார். மத்தியானம் வானம் கறுத்து, இடி இடித்தது. பாருங்கள், கிள்ளான் பள்ளத்தாக்கில் மத்தியான மழை புதிதா என்ன? ஆனால் அன்றைக்கு மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றபோது வெங்காயத்தைக் கீழே போட்டேன். அங்கேயும் கரண்ட் போயிருந்தால்? பம்ப் நின்றால் அத்தனையும் வீண். குழுவுக்கு முன்னால் இன்னொரு தடவை செய்ய நாள் இல்லை. வெங்காயக் கையோடு போனை எடுத்தேன்.

"ஜெரால்ட், பம்ப்?"

"இங்கயும் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் எடுத்துக்கிச்சு. பம்ப் ஓடுது." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நான் சேம்பர் கதவ ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அதனால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நிக்கிறேன்."

"அப்படியே நில்லுடா" என்றேன். பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அந்தப் பையன் சாப்டானான்னு கேளு" என்றார்.

ஒன்று, இரண்டு

அளக்கும் நாளன்று டாக்டர் ரோஹானி நாற்காலி போட்டு உட்காராமல் என் தோளுக்குப் பின்னால் நின்றார். ஜெரால்ட் இரண்டு டப்பாக்களை வைத்தான். மூடியில் ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுகொண்டான், முகத்தில் எதையும் காட்டிவிடக்கூடாதாம்.

ஒன்றாவது சில்லை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி ஊசிகளை இறக்கினேன். கோடு வந்தது. வளைந்த கோடு. அடுத்த டிரான்ஸிஸ்டர், அதற்கடுத்தது, எல்லாம் வளைவுதான். இதுதான் காத்திருந்ததாக இருந்தால்? நான் ஜெரால்டைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சில்லு. ஊசி தொட்டது. நேர்கோடு.

"லாகி செக்காலி" என்றார் டாக்டர் ரோஹானி.

பக்கத்து டிரான்ஸிஸ்டர். நேர்கோடு. "லாகி." நேர்கோடு. நீளமானது, குட்டையானது, அதைவிடக் குட்டையானது என்று சில்லில் இருந்த அத்தனையையும் அளந்தோம். நீளத்தைக் குறைத்துக்கொண்டே போய், நீளமே இல்லாவிட்டால் எவ்வளவு தடை மிஞ்சும் என்று கணக்குப் போட வேண்டும். மிஞ்சுவதுதான் தொடுமுனைத் தடை. கணினி போட்டுக் காட்டியது. முதல் சில்லில் இருந்ததில் பாதிக்கும் எவ்வளவோ கீழே.

"ரெண்டாவதுதான்" என்றான் ஜெரால்ட் சுவரிடம். பிறகு திரும்பி, ஆய்வகமே அதிரும்படி, "ரெண்டாவதுதான் லா, காத்திருந்தது!" என்று கத்தினான். நானும் கத்தினேன். அவன் என் தலையைப் பிடித்து உலுக்கினான். வெளியே சாம்பிள் டப்பாக்களோடு கடுப்பில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் ரோஹானி நாங்கள் அடங்கும்வரை நின்றார். "சோலார் குழுவுக்கு வேற ஆளப் பார்க்கச் சொல்றேன்" என்றார். நான் சுழல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "சுகந்தி, சேம்பர் காஞ்சது. சரி. ஆனா அந்தத் தகடும் அவ்வளவு நேரம் உள்ளதானே இருந்தது? கோடு நேரானது சுவத்து ஈரம் போனதாலயா, தகட்டு மேல இருந்த ஈரம் போனதாலயா?"

நான் ஜெரால்டைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இருவருமே அதை யோசித்திருக்கவில்லை.

"தெரியாது, டாக்டர்" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் சொன்னதே இல்லை.